பழைய வீடும் புதிய கடனும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியோர் சொன்னார்கள். பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்த்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். அந்த வீட்டில் நாலு குடித்தனமும் இருந்து, அதன் பேரில் பாங்கில் கடனும் வாங்குவதாயிருந்தால், வேறு பரீட்சை எதுவும் மனிதனுக்கு வேண்டியதில்லை.

புதுக்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆகையால் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவது வழக்கம். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து சென்ற வருஷம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்களுக்கு இரண்டு வியாதிகள் வருவதுண்டு. ஒன்று இரத்தக் கொதிப்பு. மற்றொன்று, கையிலே வந்த மொத்தப் பணத்தை என்ன செய்வது என்ற கவலை. நண்பருக்கு முதல் வியாதி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "நார்த்தாமலை முத்துமாரியம்மனைத் தரிசித்துவிட்டு வரலாம், வாருங்கள்" என்று அழைத்தார். அவருடைய மனைவியும் வந்தார்கள். திருச்சி ரஸ்தாவில் புறப்பட்டோம். போகும் வழியிலேயே விஷயம் வெளிவந்து விட்டது. ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்டோர் வீடு விலைக்கு வருகிறதாம்.

ஸ்டோர் வீடு என்றால் இளம் நேயர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். வாசல் ஒன்று, நடுவே முற்றம், சுற்றிலும் குடித்தனங்கள், கிணறும் கழிவறையும் பொது. சென்னையில் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் எத்தனையோ குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் இம்மாதிரி ஒண்டுக் குடித்தனங்களில் வாழ்ந்தே தங்கள் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். புதுக்கோட்டை ஒரு சமஸ்தானத்தின் தலைநகரமாயிருந்த ஊர். 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியாரின் காலத்தில் குளங்களும் தெருக்களும் சீர்திருத்தம் அடைந்தன. 1948-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவுடன் சேர்ந்தது. மகாராஜாவும் திவானும் போய்விட்டார்கள். அந்தக் காலத்து வீடுகளில் பல மட்டும் ஓடு சரிந்தும் காரை உதிர்ந்தும் நிற்கின்றன.

"நாலு குடித்தனம், தம்பி. விலை 30 லட்சம். ஆனால் வாங்கி விட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. அமெரிக்காவிலே ஒரு முறை இருக்கிறது. பழைய வீட்டை வாங்கு, பழுது பார், வாடகைக்கு விடு, விலை உயர்ந்த வீட்டின் பேரில் கடன் வாங்கு, அந்தக் கடனைக் கொண்டு அடுத்த வீட்டை வாங்கு. பத்து வருஷத்தில் அரைத் தெரு நம்முடையது!" என்றார் நண்பர்.

"மீதி அரைத் தெருவையும் வாங்கிவிட்டால் விலாசம் எழுதச் சௌகரியமாயிருக்கும்" என்றார்கள் அண்ணி.

அம்மன் சந்நிதியில் தரிசனம் ஆயிற்று. பிறகு மேலமலைப் பாறையில் ஏறினோம். வெயில் ஏறுவதற்குள் விஜயாலய சோழீச்சுரத்தின் முன்னால் போய் நின்றோம். மேற்கு நோக்கிய சந்நிதி, வட்டமான கருவறை, ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் காற்றையும் மழையையும் பார்த்து நிற்கும் கற்றளி. எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். அவற்றில் ஒன்றுக்குப் பழியிலி ஈச்சுரம் என்று பெயர். குன்றுகள் சூழ்ந்த இந்த இடம் அக்காலத்தில் பெரிய வணிக நகரம். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சோழர் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயருடன் வணிகர்களின் நகர சபை இங்கே நடந்து வந்தது.

இந்தக் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டின் சாரத்தை நண்பருக்குச் சொன்னேன். இளங்கோவதியரையன் என்ற சாத்தன் பூதி இதைக் கட்டினான். பிற்பாடு மழையால் கோயிலுக்குச் சேதம் உண்டாயிற்று. தென்னவன் தமிழதியரையன் என்ற மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான்.

"பார்த்தீர்களா! பழுது பார்ப்பது நம் நாட்டுப் பழக்கந்தான்!" என்று நண்பர் குதூகலித்தார்.

"கட்டியவன் ஒருவன், புதுப்பித்தவன் மற்றொருவன் என்றல்லவா தம்பி சொல்கிறார்? நம் ஸ்டோருக்கு மழை வந்தால் எந்த அரையன் வருவான்?" என்றார்கள் அண்ணி.

நண்பர் பதில் சொல்லவில்லை. கோயில் நிழலில் உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் இருந்த கணக்கை நேயர்களுக்கும் காட்டுகிறேன். தொகைகள் அந்த ஒரு வீட்டுக்கு உரியவை; வழி எல்லா வீட்டுக்கும் பொது.

வீட்டின் விலை 30 லட்சம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தமிழ்நாட்டில் 2023-ஆம் வருஷத்து மாறுதலின்படி நூற்றுக்கு 9. அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம். பழுது பார்க்க 8 லட்சம். ஆக மொத்தம் 40 லட்சத்து 70 ஆயிரம். இப்போது குடித்தனம் ஒன்றுக்கு வாடகை 3,000, நாலுக்கும் 12,000. பழுது பார்த்த பிறகு ஒன்றுக்கு 5,500, நாலுக்கும் 22,000. வீட்டின் மதிப்பு அப்போது 50 லட்சம் ஆகும் என்று ஒரு மதிப்பீட்டாளர் சொல்லியிருக்கிறார். அதில் நூற்றுக்கு 60 வீதம் பாங்கு கடன் கொடுத்தால் 30 லட்சம் கைக்கு வந்துவிடும். அடுத்த வீட்டுக்கு அதுதான் முதல்.

"கணக்கு அழகாயிருக்கிறது, அண்ணே. ஒரு வரியைக் காணோமே?" என்றேன்.

"எந்த வரி?"

"மாதத் தவணை."

நூற்றுக்கு 10 வட்டி, 15 வருஷத் தவணை என்று வைத்துக் கொண்டால், ஒரு லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 1,075 ரூபாய் கட்ட வேண்டும். 30 லட்சத்துக்கு மாதம் சுமார் 32,240. வரும் வாடகையோ 22,000. அதுவும் நோட்டுப் புத்தகத்து வாடகை! வருஷத்தில் எல்லாக் குடித்தனங்களும் சேர்ந்து ஒரு மாதம் காலியாக இருந்த கணக்கு 22,000 போயிற்று. சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், கழிவு நீர்த்தொட்டி ஆகியவற்றுக்கு 26,000 என்று வைத்தோம். வருஷத்துக்கு 2,64,000-இல் மிஞ்சுவது 2,16,000, மாதம் 18,000. ஆகவே, மாதந்தோறும் 14,000-க்கு மேல் பென்ஷனிலிருந்து எடுத்துப் போட வேண்டும். இரண்டாவது வீடும் இதே மாதிரி அமைந்தால் 28,000-க்கு மேல்!

நண்பர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் எதிரிலிருந்த குகைக் கோயிலைப் பார்த்துக் கொண்டிருந்தார். அங்கே பன்னிரண்டு விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றாவது தமக்கு வழி சொல்லுமா என்று பார்த்தார் போலும்.

அமெரிக்காவில் நடக்கும் காரியம் இங்கே ஏன் நடக்கவில்லை? வீட்டின் விலைக்கும் வாடகைக்கும் உள்ள விகிதந்தான் காரணம். அத்தேசத்துச் சில ஊர்களில், பழைய குடியிருப்புகளின் விலை குறைவு; வாடகை அதிகம். வரும் வாடகையே தவணையைக் கட்டிவிட்டு மீதியும் தரும். நம் ஊர்களில் மனைக்கு விலை அதிகம், வாடகை குறைவு. நண்பர் பார்த்த வீட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். பழுது பார்க்காமல் வாங்கினால், 32 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வருஷ வாடகை 1,44,000. செலவு போகாமலே நூற்றுக்கு நாலரைக்கும் குறைவு. நாலரை சம்பாதிக்கும் பொருளுக்குப் பத்து வட்டியில் கடன் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுவது போலத்தான். விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றே அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அந்த நம்பிக்கையில் வீட்டை மறுபடி மறுபடி அடகு வைத்த அமெரிக்கக் குடும்பங்கள் பல, 2008-ஆம் வருஷத்து நெருக்கடியில் வீட்டையே இழந்தன. முறை தோன்றிய தேசத்திலேயே அதற்கு இப்படி ஒரு முடிவும் உண்டு என்பதை மறக்கலாகாது.

ஆனால், அதே கணக்கில் வேறொரு சங்கதியும் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் அண்ணி.

"வாங்குகிற பணத்தையும் பழுது பார்க்கிற பணத்தையும் ஏன் ஒன்றாகக் கூட்டுகிறீர்கள்? பழுதுக்கு எட்டு லட்சம் போட்டால் வாடகை எவ்வளவு கூடுகிறது?" என்று கேட்டார்கள்.

12,000 வாடகை 22,000 ஆகிறது. மாதம் 10,000 கூடுதல்; வருஷத்துக்கு 1,20,000. எட்டு லட்சத்துக்கு இது நூற்றுக்கு 15! ஒரு மாதம் காலி என்று கழித்தாலும் நூற்றுக்குப் பதின்மூன்றேமுக்கால். பத்து வட்டிக் கடனைத் தாங்கக் கூடிய பணம் இதுதான். வாங்கும் பணத்துக்கு நாலரை. பழுது பார்க்கும் பணத்துக்குப் பதினைந்து. ஆகையால் கடன் வாங்குவதாயிருந்தால் பழுதுக்கு வாங்கலாம்; அடுத்த வீட்டுக்கு வாங்குவது கூடாது. மூதாதையர் வீடு கையில் இருந்து, ஓடு சரிந்து, அரை வாடகைக்குப் போய்க் கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! அவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எட்டு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 8,600. மிஞ்சும் வாடகை 18,000. கடன் போக 9,400 நிற்கிறது. இரண்டு குடித்தனம் சில மாதம் காலியாயிருந்தாலும் வீட்டில் அடுப்பு அணையாது.

வட்டி என்பது நின்ற இடத்தில் நிற்கும் வஸ்து அல்ல. 2019 அக்டோபர் 1 முதல், பாங்குகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் உத்தரவு. பல பாங்குகளுக்கு அந்த அளவுகோல் ரிப்போ விகிதம். 2022 மே மாத ஆரம்பத்தில் 4 ஆக இருந்த அந்த விகிதம், 2023 பிப்ரவரியில் ஆறரை ஆகிவிட்டது. பத்து மாதத்துக்குள் இரண்டரை! அதே மாதிரி நண்பருடைய வட்டி 10-லிருந்து பன்னிரண்டரைக்கு ஏறினால், 30 லட்சக் கடனுக்குத் தவணை சுமார் 37,000. 8 லட்சக் கடனுக்கு 9,860. முன்னது குடும்பத்தைச் சாய்த்துவிடும். பின்னதைப் பல்லைக் கடித்துக் கொண்டு கட்டிவிடலாம். ஒரு நல்ல சௌகரியமும் உண்டு. தனி மனிதர்கள் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கு 2012-இல் உத்தரவிட்டது. வட்டி குறைவாயுள்ள வேறு பாங்குக்குக் கடனை மாற்றிக் கொள்ள இது உதவும்.

கடனும் வட்டியும் வெள்ளைக்காரன் கொண்டு வந்தவை என்று யாரும் எண்ண வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அறக்கட்டளைப் பணம் ஊர்ச் சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியில் கொடுக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. வாங்கியவர்கள் நிலத்தையும் நீரையும் நம்பி வாங்கினார்கள். விளைச்சலிலிருந்து வட்டி கொடுத்தார்கள். வாடகைதான் வீட்டின் விளைச்சல். பாங்கு வீட்டின் விலையைப் பார்த்துக் கடன் கொடுக்கலாம். வாங்குகிறவர் விளைச்சலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழுது பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் வாசலுக்கு வர்ணம் பூசுகிறவர்கள் உண்டு. அது பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் செய்யும் காரியம். கருங்கல் கோயிலையே மழை சேதப்படுத்தியிருக்கிறது என்றால், செங்கல்லும் சுண்ணாம்பும் எம்மாத்திரம்? ஆகையால் முதல் ரூபாய் தண்ணீர் போகும் வழிக்கு: ஓடு, தளம், தாழ்வாரம், சாக்கடை. இரண்டாவது, மின்சாரக் கம்பிகளும் குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டரும்; பொது மீட்டரைப் போலச் சண்டைக்கு வித்து வேறில்லை. மூன்றாவது, குடித்தனத்துக்கு ஒரு கழிவறை. வாடகையை உயர்த்துவது இதுதான். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையே உகந்தது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே அரித்துவிடும்.

பத்திர விஷயத்தில் அசிரத்தை கூடாது. பழைய வீடு என்றால் பழைய வாரிசுகளும் கூடவே உண்டு. தாய்ப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, எல்லா வாரிசுகளின் கையெழுத்து ஆகிய நாலும் கைக்கு வருமுன் முன்பணம் கொடுப்பது, மலை உச்சியில் கண்ணை மூடிக் கொண்டு நடப்பதற்குச் சமானம். போக்கியத்துக்கு விட்டு மொத்தமாகப் பணம் வாங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வட்டியில்லாக் கடன் போல அது தோன்றும். ஆனால் தவணை முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பத்திரத்தைப் பதிவும் செய்ய வேண்டும். அந்தப் பணத்தைத் தளத்திலும் சுவரிலும் போட்டுவிட்டவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? வருமான வரியிலும் ஒன்று கவனிக்கத் தக்கது. வாடகையில் சொத்து வரி போக மிஞ்சியதில் நூற்றுக்கு 30 கழிவு உண்டு. பழுதுக்கு அதைவிட எத்தனை அதிகம் செலவு செய்தாலும் அந்த 30-தான்.

இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. இறங்கும்போது அண்ணி மெல்லச் சொன்னார்கள்: "கடைசிக் குடித்தனத்தில் ஒரு பாட்டி இருக்கிறாள், தம்பி. இருபது வருஷமாக இட்லி விற்றுக் காலந்தள்ளுகிறாள். ஐந்தாயிரத்து ஐந்நூறு அவளால் முடியுமா?"

நண்பரின் நோட்டுப் புத்தகத்தில் பாட்டி இல்லை. "குடித்தனம் 4" என்றுதான் இருந்தது. அதுதான் எனக்கும் உறைத்தது. இந்த மாதிரி யோசனைகளில் எல்லாம், பழைய குடித்தனக்காரர் போய்ப் புதியவர் வருவார் என்பது ஒரு வார்த்தையில் முடிந்து விடுகிறது. போகிறவர் எங்கே போவார் என்பதற்குக் கணக்கில் இடம் இல்லை. சட்டம் ஓரளவு இடம் கொடுக்கிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். குடிதண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி யாரையும் விரட்டலாகாது. ஆனால் தாட்சண்யத்தைச் சட்டம் எழுதிக் கொடுக்க முடியாது. அதை வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும்.

நண்பர் ஒரு பாறையின்மேல் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்தார். பாட்டிக்கு வாடகை 4,000 என்று வைத்தார். மாதம் 1,500 குறைந்தது. 18,000 என்பது 16,500 ஆயிற்று. எட்டு லட்சக் கடனுக்குத் தவணை 8,600. அப்படியும் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் மிஞ்சியது. முப்பது லட்சக் கடன் வாங்கியிருந்தால், அந்த 1,500-க்காகவே பாட்டியை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் தாம் வெளியே போக வேண்டியிருக்கும். கடன் அளவோடு இருந்தால்தான் மனிதனுக்குத் தாட்சண்யம் காட்டக் கையில் இடம் இருக்கும் என்பதை அன்று நான் தெரிந்து கொண்டேன்.

அந்த ஸ்டோர் வீட்டை நண்பர் வாங்கிவிட்டார். வாரிசுகள் ஏழு பேரில் ஒருவர் வெளியூரில் இருந்தபடியால், கிரயம் நாலு மாதம் தாமதப்பட்டது. கடன் எட்டு லட்சந்தான். பழுதுக்கென்று ஒதுக்கியிருந்த சொந்தப் பணம் பாங்கில் பத்திரமாக இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் ஓடு மாற்றி ஆயிற்று, சாக்கடை ஆயிற்று, வாசல் வர்ணம் மட்டும் இன்னும் பாக்கி. முதல் வாடகை ஒப்பந்தம் பாட்டியின் பேரில் எழுதப்பட்டது. அவள் கைநாட்டுப் போடுவாள் என்று நண்பர் மசிப்பெட்டி கொண்டு போயிருந்தாராம். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக் கொண்டு, பத்திரம் முழுவதையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, "மழை ஒழுகினால் யார் பார்க்கிறது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம்.